மோட்டாரை மாற்றியும் மீண்டும் நிற்கும் கார்க் கண்ணாடி: மூலப் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பவர் விண்டோ ஒருமுறை பழுதாவது தேய்மானம். அதே கதவில் இரண்டாம் முறையும் பழுதானால், மாற்றிய பாகத்தின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன், அந்தப் பாகத்தை எது கெடுக்கிறது என்று தேட வேண்டும். எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. என் காரின் இடது பின்கதவில் ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு மோட்டார்களும், கண்ணாடியைத் தாங்கி ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டர் ஒன்றும் மாற்றப்பட்டன. ஒவ்வொரு முறையும் பணிமனையிலிருந்து வெளியே வரும்போது கண்ணாடி சீராக ஏறி இறங்கும், சில மாதங்களில் மறுபடியும் பாதியில் நின்றுவிடும். மூன்றாம் முறையும் மோட்டார்தான் என்றார்கள்; மறுத்துவிட்டுக் கதவை நானே கழற்றினேன். கண்ணாடி ஓடும் முன்புறச் சேனலில், ரப்பரின் உதடு ஒரு விரல் நீளத்துக்கு உள்பக்கமாக மடிந்து கிடந்தது. கண்ணாடியின் விளிம்பு உரசி உரசி அந்த மடிப்பின் முதுகு மட்டும் மெழுகு தேய்த்ததுபோல் பளபளத்தது. அந்த ரப்பரை மாற்றியதும், செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே மோட்டார் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது.

மோட்டாருக்குக் கேடு இரண்டு வழிகளில்தான் வருகிறது: தூக்க வேண்டிய சுமை கூடுகிறது, அல்லது தூக்குவதற்குக் கிடைக்கும் மின்சாரம் குறைகிறது. பழுதைத் தேடும் வேலை முழுவதும் இந்த இரண்டில் எது என்று பிரித்தறிவதே ஆகும்.

உள்ளே நடப்பது என்ன

கதவுக்குள் இருப்பது 12 வோல்ட்டில் இயங்கும் ஒரு சிறிய நேர்மின்னோட்ட (டிசி) மோட்டார். அதன் சுழற்சி ஒரு புழுப்பல் சக்கரத்தின் வழியாக வேகம் குறைந்து, வலிமை கூடி, ரெகுலேட்டருக்குச் செல்கிறது. புழுப்பல் அமைப்பைப் பின்னிருந்து சுழற்ற முடியாது என்பதால்தான் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்தினாலும் அது இறங்குவதில்லை. ரெகுலேட்டரில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன: கத்தரிக்கோல்போல் விரிந்து மடங்கும் இரும்புக் கைகள் கொண்டது ஒன்று, தண்டவாளம் போன்ற பட்டையில் எஃகுக் கேபிளும் பிளாஸ்டிக் கப்பிகளும் கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் நகர்வியும் கொண்டது மற்றொன்று. இன்றைய கார்களில் பெரும்பாலும் இரண்டாவது வகையே இருக்கிறது. அது எடை குறைவு, ஓசை குறைவு, ஆயுளும் பெரும்பாலும் குறைவு.

எளிய அமைப்புள்ள கார்களில், மோட்டாரின் இரண்டு வயர்களும் ஓய்வில் இருக்கும்போது ஸ்விட்ச் வழியாக எர்த்துடன் இணைந்திருக்கும். மேலே என்று அழுத்தினால் ஒரு வயருக்கும், கீழே என்று அழுத்தினால் மற்ற வயருக்கும் 12 வோல்ட் செல்கிறது. திசை மாறுவது அப்படித்தான். மற்ற கதவுகளுக்கான மின்னோட்டமும் ஓட்டுநர் பக்க மெயின் ஸ்விட்சைச் சுற்றித்தான் போய்வருகிறது. அதனால் பின்கதவின் சொந்த ஸ்விட்ச் வேலை செய்யாததற்குக் காரணம் முன்கதவின் ஸ்விட்சில் இருக்கக்கூடும். புதிய கார்கள் பலவற்றில் ஸ்விட்ச் ஒரு கட்டளையை மட்டும் அனுப்புகிறது. மோட்டாருடன் சேர்ந்திருக்கும் மின்னணுத் தொகுதிதான் மின்சாரத்தை விடுகிறது. மோட்டாரின் கனெக்டரில் இரண்டு முனைகள் மட்டும் இருந்தால் பழைய வகை, ஆறோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் புதிய வகை.

கதவைக் கழற்றும் முன்

முதலில் ஓட்டுநர் பக்கத்தில் உள்ள விண்டோ லாக் பொத்தானைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அந்தப் பொத்தான் அழுந்தியிருந்த காரணத்தால் மட்டும் பணிமனைக்கு வந்த கார்கள் உண்டு. அடுத்து ஃபியூஸ். ஃபியூஸ் போயிருந்தால் புதியதைப் போடலாம், ஆனால் எரிந்த ஃபியூஸ் ஒரு தகவல்: எங்கோ மோட்டார் திணறுகிறது அல்லது வயர் உடலில் உரசுகிறது. அதிக ஆம்பியர் உள்ள ஃபியூஸைப் போட்டுச் சமாளிப்பது, ஃபியூஸுக்குப் பதிலாக வயரை எரிய விடுவதாகும்.

பிறகு ஒரு பழைய சோதனை. இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, காரின் உள்விளக்கை எரியவிட்டு, பழுதான கண்ணாடியின் ஸ்விட்சை அழுத்துங்கள். விளக்கு மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் அது நகர முடியாமல் சிக்கியிருக்கிறது. விளக்கு அசையவே இல்லையென்றால் மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. உள்விளக்கு எல்இடி வகையாக இருந்தால் மங்கல் தெரியாமல் போகலாம். அப்போது பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்து, ஸ்விட்சை அழுத்தும் நொடியில் வோல்ட் சற்றே இறங்குகிறதா என்று பார்த்தால் அதே விடை கிடைக்கும். சீராக ஓடும் மோட்டார் சில ஆம்பியர்களை மட்டுமே எடுக்கிறது; சிக்கி நிற்கும் மோட்டார் 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும் என்பதால் இந்த வேறுபாடு தெளிவாகவே தெரியும்.

ஸ்விட்சை அழுத்திக்கொண்டே கதவின் உட்பலகையில், மோட்டார் இருக்கும் இடத்தில், கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். தட்டும்போது கண்ணாடி அசைந்தால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அந்த மோட்டார் போக வேண்டியதுதான். கதவைத் திறந்து, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே அழுத்தும்போது மட்டும் வேலை செய்தால், கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே செல்லும் வயரில் முறிவு இருக்கிறது. மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் கண்ணாடி நகரவில்லை என்றால் கேபிளோ நகர்வியோ உடைந்திருக்கிறது. சில முறை ஏற்றி இறக்கியதும் நின்று, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தானாக உயிர்பெற்றால், மோட்டாருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு அதை நிறுத்தி வைத்திருக்கிறது. இந்தக் கடைசி அறிகுறியைத்தான் பலர் மோட்டாரின் கோளாறாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சூடேறும் அளவுக்கு அதை இழுக்க வைப்பது வேறொன்று.

இன்னொரு சோதனைக்குக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். முழுதும் இறங்கிய கண்ணாடி மேலே போய்ச் சேர எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து, எதிர்ப்பக்கத்து இணைக் கதவுடன் ஒப்பிடுங்கள். இன்ஜின் ஓடும்போது இரண்டையும் அளக்க வேண்டும். வேறுபாடு ஒரு நொடிக்கு மேல் இருந்தால், இன்னும் நிற்காத கண்ணாடியும் நிற்கப் போகிறது.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

உட்பலகையின் திருகுகள் கைப்பிடிக் குழியின் மூடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்தபின் ஓரங்களில் உள்ள கிளிப்புகளை பிளாஸ்டிக் நெம்புகோலால் விடுவிக்க வேண்டும். திருப்புளியைச் செருகி நெம்பினால் வண்ணமும் போகும், கிளிப்பும் உடையும். கதவில் பக்கவாட்டு ஏர்பேக்கோ அதற்கான அழுத்த உணரியோ உள்ள கார்களில், பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அந்தக் கனெக்டர்களைத் தொட வேண்டும். அவை கழன்றிருக்கும்போது இக்னிஷனை ஆன் செய்யக் கூடாது.

பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து வையுங்கள். கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே மழைநீர் உள்ளே இறங்குவது இயல்பானது. அது கதவின் அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும், அறைக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். பழுதுபார்த்த அவசரத்தில் அதைப் பாதி ஒட்டி விட்டுவிடுகிறார்கள், பிறகு ஈரம் கனெக்டருக்குள் போய் பச்சை பூக்கிறது, சில மாதங்களில் புதிய பழுது பிறக்கிறது. கதவைத் திறந்த கையோடு அடித்துளைகளையும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் குத்திச் சுத்தம் செய்துவிடலாம்.

கண்ணாடியை ரெகுலேட்டரிலிருந்து விடுவிக்கும் முன், அதை மேலே நிறுத்தி, கதவுச் சட்டத்தின் மேல் வழியாக இரு பக்கமும் அகலமான டேப்பால் ஒட்டிவிட வேண்டும். கத்தரிக்கோல் வகை ரெகுலேட்டரில் கண்ணாடியின் எடையைச் சமன் செய்யும் ஒரு சுருள்வில் முறுக்கேறிய நிலையில் இருக்கும். மோட்டாரின் பல்சக்கரம் சுழற்றும் பல்பட்டையைப் போல்ட்டோ கிளாம்ப்போ போட்டு அசையாமல் பிணைக்காமல் மோட்டாரைக் கழற்றினால், ரெகுலேட்டரின் இரும்புக் கை விசையுடன் வீசி அடிக்கும்; விரல் முறியும் அளவுக்கு அதில் வலிமை உண்டு. உள்ளே கை இருக்கும்போது வேறு எவரும் ஸ்விட்சின் அருகில் இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

சுமையா, மின்சாரமா

கண்ணாடி விடுபட்டதும், பெரும்பாலான பணிமனைகள் செய்யாமல் விடும் சோதனையைச் செய்யுங்கள். டேப்பை அகற்றி, கண்ணாடியை இரு கைகளாலும் பிடித்து, சேனலுக்குள்ளேயே மெதுவாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். அதன் எடையைத் தவிர வேறு எதிர்ப்பு அதிகம் இருக்கக் கூடாது. எந்த உயரத்திலும் கடிக்கக் கூடாது. ஓரிடத்தில் பிடித்தால் அந்த உயரத்தில் சேனலின் மேல் சிறு டேப் துண்டால் குறியிடுங்கள். அடுத்து, கண்ணாடி இல்லாமல் ரெகுலேட்டரை மட்டும் மோட்டாரால் ஓட்டுங்கள். சிக்கலின்றி, இரு திசையிலும் ஒரே வேகத்தில் ஓடினால் மோட்டாரும் ரெகுலேட்டரும் நலம், குற்றம் சேனலில். வெறுமையாகவே திணறினால் குற்றம் ரெகுலேட்டரிலோ மோட்டாரிலோ மின்சாரத்திலோ. பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் பாகம் வாங்குவது சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்றது.

மின்சாரத்தை அளக்கும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: கனெக்டரைக் கழற்றி, அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் காட்டுகிறது என்று திருப்தியடைகிறார்கள். வயரின் இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் ஏறத்தாழ எந்த மின்னோட்டத்தையும் எடுப்பதில்லை. கனெக்டர் மோட்டாரில் பொருந்தியிருக்கும்போதே, அதன் பின்புறத்தில் மெல்லிய ஊசியை நுழைத்து, கண்ணாடி நகரும்போது அளக்க வேண்டும். பேட்டரியில் உள்ளதைவிட அங்கே ஒரு வோல்ட் வரை குறையலாம். இரண்டு வோல்ட்டோ அதற்கு மேலோ குறைந்தால் வழியில் எங்கோ தின்னப்படுகிறது. இவ்வகை மோட்டாரின் தொடக்க முறுக்கு விசை வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், 12 வோல்ட் 10 ஆகக் குறைந்தால் ஆறில் ஒரு பங்கு வலிமை போய்விடுகிறது. ரப்பரும் சற்று இறுகியிருக்கும் கதவில் கண்ணாடி நிற்பதற்கு அதுவே போதும். மேலே ஏறும்போது மட்டும் வோல்ட் குறைந்து, இறங்கும்போது சரியாக இருந்தால், ஸ்விட்சின் ஒரு தொடுமுனை கரிந்திருக்கிறது. இரு திசையிலும் குறைந்தால் வயரையோ எர்த்தையோ பார்க்க வேண்டும்.

சேனலைச் சரிசெய்தல்

தூசியும் நுண்மணலும் சேனலின் அடியில் படிந்து, வெயிலில் ரப்பர் இறுகி, கண்ணாடி உப்புத்தாளில் ஓடுவதுபோல் ஓடுவது வழக்கமான நிலை. வழக்கத்துக்கு மாறான காரணங்களும் உண்டு. சேனலுக்குள் செருகும் வகை மழைத் தடுப்பான் பொருத்தியிருந்தால் கண்ணாடிக்கான இடைவெளி குறைந்திருக்கும். பழுது தொடங்கிய காலமும் அதைப் பொருத்திய காலமும் ஒத்துப்போகிறதா என்று யோசித்துப் பாருங்கள். கார் வாங்கியபின் கண்ணாடியில் ஒட்டப்பட்ட ஃபிலிமின் விளிம்பு உரிந்து சுருண்டு ரப்பரில் ஒட்டுவதும் உண்டு. விபத்துக்குப் பின் தட்டி நிமிர்த்திய கதவில் சட்டமே கோணியிருக்கலாம். அங்கே வழிகாட்டிச் சேனலின் கீழ்ப் போல்ட்டைத் தளர்த்தி, கண்ணாடியை முழுவதும் ஏற்றிய நிலையில் மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் நேராகிவிடும்.

சுத்தம் செய்வதற்கு, தட்டையான பிளாஸ்டிக் பட்டையில் துணியைச் சுற்றி, மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து, சேனலின் உள்ளே மேலிருந்து கீழ் வரை இழுக்க வேண்டும்; துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை துணியை மாற்றி மாற்றி இழுங்கள். முழுவதும் உலர்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரேயை நீள்குழல் வழியாக மெல்லிய படலமாக அடித்து, கண்ணாடியைப் பலமுறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்துவிடலாம். இயந்திர எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவற்றை இந்த ரப்பரில் பூசக் கூடாது. கதவுகளில் பரவலாகப் பயன்படும் இபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பி மென்மையாகிவிடும்; முதல் வாரம் வழுக்கிக்கொண்டு ஓடும் கண்ணாடி, மூன்றாம் மாதம் பிசினில் நடப்பதுபோல் நகரும். என் காரின் ரப்பர் மடிந்ததற்கும் முன்பு யாரோ எண்ணெய் விட்டதே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். வெடித்த, மடிந்த, உப்பிய ரப்பருக்கு மருந்து இல்லை, மாற்ற வேண்டும்.

சிலிக்கானை ஸ்விட்சின் அருகில் அடிக்காதீர்கள். தொடுமுனைகளில் எழும் சிறு தீப்பொறியில் சிலிக்கான் ஆவி கருகி, மின்சாரத்தைக் கடத்தாத படலமாகப் படிந்துவிடும். ஸ்பிரே செய்யும்போது மெயின் ஸ்விட்சை ஒரு பிளாஸ்டிக் உறையால் மூடிவிடுவது நல்லது.

ஸ்விட்சும் வயரும்

ஸ்விட்ச் இறுகிவிட்டது, பிசுபிசுக்கிறது என்று அதற்குள் எண்ணெய் விடும் பழக்கத்தின் ஆபத்துக்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 2012 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம், ஓட்டுநர் பக்க பவர் விண்டோ மெயின் ஸ்விட்சில் கிரீஸ் சீராகப் பூசப்படாத காரணத்தால், உலகெங்கும் ஏறத்தாழ 74 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. கடைகளில் கிடைக்கும் உயவுப்பொருள்களை அந்த ஸ்விட்சில் பயன்படுத்தினால் அது உருகவோ புகையவோ கூடும் என்றும் அப்போதே எச்சரித்தது. கரிந்த தொடுமுனைகளுக்கு மின்தொடுமுனைச் சுத்திகரிப்பான் போதும், அதுவும் பேட்டரியைக் கழற்றி, நன்கு உலரவிட்டு. குழி விழுந்த முனைகளை உப்புத்தாளால் தேய்ப்பது சில வாரங்களுக்கான தீர்வு. ஸ்விட்சையே மாற்றிவிடுவது மேல்.

கதவின் கீல் பக்கத்தில் இருக்கும் ரப்பர்க் குழாயின் உள்ளே செல்லும் வயர்கள் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் மடங்குகின்றன. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு முறிந்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. குழாயை விலக்கி, ஒவ்வொரு வயரையும் தனித்தனியே இரு விரல்களால் மென்மையாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே முறிந்த வயர் ரப்பர் நூல்போல் நீளும். அதை வெட்டி, நுண்ணிழைகள் கொண்ட வளையக்கூடிய வயரால் ஒரு துண்டு நீட்டி இணைக்க வேண்டும். இணைப்புகள் மடங்கும் பகுதிக்கு வெளியே, கதவுக்குள்ளும் காரின் உடலுக்குள்ளும் வர வேண்டும். முறிந்த இடத்திலேயே பற்றவைத்தால் ஈயம் ஏறிய பகுதி விறைத்து, அதன் விளிம்பிலேயே மறுபடியும் முறியும். இதுதான் வயர் பழுது திரும்பத் திரும்ப வருவதன் முழுக்கதை.

ரெகுலேட்டர்

கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் முழு ரெகுலேட்டரையும் மாற்றிவிடுங்கள். கேபிளை மட்டும் மாற்றிய எவரும் கப்பியில் அதைச் சுற்றும் வேலையை இரண்டாம் முறை விரும்பிச் செய்வதில்லை. நகர்வி மட்டும் உடைந்து, பட்டை நேராகவும் கேபிள் முழுதாகவும் இருந்தால், நகர்வியை மட்டும் மாற்றலாம். கண்ணாடியைப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டுமே முறுக்க வேண்டும். ஆத்திரத்தில் ஒரு சுற்றுக் கூடுதலாக முறுக்கினால் கண்ணாடி அன்றே உடையாது, ஒரு நாள் கதவை அறைந்து சாத்தும்போது உடையும். பாதி இறங்கிய கண்ணாடியுடன் கதவை ஓங்கிச் சாத்துவதும் நகர்விகளின் ஆயுளைக் குறைக்கிறது.

எல்லாம் முடிந்தபின்

ஒரே அழுத்தத்தில் முழுவதும் ஏறும் வசதி உள்ள கண்ணாடிகள், தடையை உணர்ந்தால் தாமாகத் திரும்பி இறங்க வேண்டும். ஐநாவின் 21ஆம் எண் வாகன ஒழுங்குவிதி இதற்கான நசுக்கு விசையின் உச்ச வரம்பை 100 நியூட்டன் என்று வகுத்துள்ளது. கணினிக்கு விரலும் இறுகிய ரப்பரும் ஒன்றுதான். ஆகவே முக்கால் உயரம் ஏறிவிட்டு அடிக்கடி கீழே திரும்பும் கண்ணாடி பெரும்பாலும் சேனலைத்தான் குறை சொல்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் இந்த வசதி மறந்துபோவதும் இயல்பே. பொதுவாக, கண்ணாடியை முழுவதும் இறக்கி, பின் முழுவதும் ஏற்றி, மேலே சேர்ந்தபின்னும் ஸ்விட்சைச் சில நொடிகள் பிடித்திருந்தால் அது மீண்டும் கற்றுக்கொள்ளும். சரியான வரிசை காருக்குக் கார் மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். உராய்வைச் சரிசெய்யும் முன் இதைச் செய்வதில் பயனில்லை.

பிறகு சுருட்டிய தடிமனான காகிதத்தைக் கண்ணாடியின் வழியில் நீட்டி, அது திரும்பி இறங்குகிறதா என்று சோதியுங்கள். கையை வைத்துச் சோதிக்க வேண்டாம். ஏறும் நேரத்தை மீண்டும் அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் கையேட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கதவை அளக்கும்போது முக்கால் நொடி கூடியிருந்தால், அன்றே துணியையும் சோப்பு நீரையும் எடுத்துக்கொண்டு சேனலுக்குப் போகலாம்.